மல்லாந்து கிடக்கும் டரான்டுலா

சில வாரமாக இரையைத் தொடாத உங்கள் டரான்டுலா சிலந்தி இன்று மல்லாந்து கிடக்கிறது, செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தோலுரிக்கிறது. சாகிற சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும், ஏனென்றால் அது கால் நீட்டுவதே உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான்.

தொடாதீர்கள், திருப்பியும் போடாதீர்கள். உயிருள்ள இரைப்பூச்சி உள்ளே இருந்தால் மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள், மெத்தென்ற புது உடம்பைக் கடித்துவிடும். தண்ணீர் இருக்கட்டும். புது விஷப்பல் வெள்ளையாக இருக்கும், அப்புறம் சிவந்து கறுக்கும். நன்றாகக் கறுத்த பிறகு இரை போடுங்கள்.

கழற்றிய தோலை எறிந்துவிடாதீர்கள்! ஒவ்வொரு ரோமமும், விஷப்பல்லின் உறைகூட அப்படியே இருக்கும், இந்த வளர்ப்பில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. ஈரமாக இருக்கும்போதே விரித்து வயிற்றுத் தோலின் உட்புறத்தைப் பார்த்தால், ஓரளவு வளர்ந்த சிலந்தி ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடலாம்.