பேரனுக்கு ஒரு ஐரிஷ் பூட்டன்: வாசகர் கேள்வி பதில்

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி: மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். மருமகன் கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய ஆட்கள் அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கப்பலேறி வந்தவர்களாம். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பக்கத்து ஆட்களை நான் பூட்டன், கொப்பாட்டன் வரை பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டேன். "அப்பா பக்கத்தில் அந்த ஆட்கள் யார் அம்மம்மா?" என்று கேட்கிறான். சம்பந்தி அம்மாவுக்குத் தெரிந்தது மூன்றே மூன்று விபரம்: மர்ஃபி என்ற பெயர், கோர்க் என்ற இடம், 1847 என்ற வருடம். கப்பல் பட்டியல்களில் தேடினோம், அகப்படவில்லை. அயர்லாந்துப் பதிவெல்லாம் 1922இல் எரிந்துபோச்சு, வீணாகத் தேடாதீர்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டார். விட்டுவிடுவதா?

விடாதீர்கள் அம்மா. "எல்லாம் எரிந்துபோச்சு" என்பது அயர்லாந்தில் வேர் தேடுகிற எல்லோருக்கும் முதல் நாளே கிடைக்கிற பதில். அது பாதிதான் உண்மை.

எரிந்தது என்ன? 1922 ஜூன் 30ஆம் திகதி, உள்நாட்டுப் போர் தொடங்கிய கையோடு, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்கிற நீதிமன்றத் தொகுதியில் இருந்த பொதுப் பதிவுக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள், மரணசாதனங்கள், 1821 முதல் 1851 வரை எடுத்த குடிசன மதிப்புப் புத்தகங்களில் மிகப் பெரும்பகுதி, அங்கே கொண்டுவந்து வைத்திருந்த அங்கிலிக்கன் கோயில் பதிவேடுகள் எல்லாம் போய்விட்டன. கருகிய கடதாசிகள் காற்றில் பறந்து நகரமெங்கும் விழுந்தன. இது எப்படிப்பட்ட இழப்பு என்று யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1981இல் எங்கள் நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். அந்த நூலகத்தடியில் சிலையாக நிற்கிற லோங் அடிகளார், சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்து நூலகம் எழும்புவதற்குப் பாடுபட்டவர், ஐரிஷ்காரர்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு நெருப்புக்கும் நடுவில் அவர் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

சரி, எரியாதது என்ன? கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நான, கலியாணப் புத்தகங்கள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. மர்ஃபி குடும்பம் கத்தோலிக்கராக இருந்தால், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், உங்களுக்குத் தேவையானது இதுதான். ஏறத்தாழ 1880 வரையான பக்கங்களை அயர்லாந்துத் தேசிய நூலகம் படம்பிடித்து 2015இல் இருந்து இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. அரச பிறப்பு இறப்புப் பதிவுகளும் வேறிடத்தில் இருந்ததால் தப்பிவிட்டன. அவை எல்லாருக்குமாக 1864இல்தான் தொடங்குகின்றன. 1901, 1911 குடிசன மதிப்புகள் முழுதாக இருக்கின்றன. இடையில் உள்ள 1861, 1871, 1881, 1891 நான்கும் இல்லை, ஆனால் அவற்றை இந்த நெருப்பு தின்னவில்லை. முதல் இரண்டையும் அரசாங்கமே அழித்தது, மற்ற இரண்டும் முதலாம் உலக யுத்த காலத்தில் கடதாசிக்காகக் கூழாக்கப்பட்டன. இதைப் படித்த அன்று எனக்கு நெருப்பை விட இதுதான் கூட வலித்தது.

எரிந்ததிலும் துண்டு மிஞ்சியிருக்கிறது. 1909இல் அங்கே 70 வயதானவர்களுக்கு முதியோர் பென்சன் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத கிழவர்கள் வயதை எப்படி நிரூபிப்பது? 1841, 1851 குடிசன மதிப்பில் சின்னப் பிள்ளையாக என் பெயர் இருக்கும், பாருங்கள் என்று விண்ணப்பித்தார்கள். எழுதுவினைஞர் புத்தகத்தைப் பார்த்து அந்த வீட்டு ஆட்களின் பெயரை விண்ணப்பத்திலேயே குறித்து வைத்தார். புத்தகம் எரிந்தது, விண்ணப்பப் படிவங்கள் தப்பின. இந்த மாதிரிப் பிரதிகளையும் வேறு நாடுகளின் காப்பகங்களில் இருந்த நகல்களையும் ஒன்றுசேர்த்து, எரிந்து சரியாக 100 வருடம் முடிந்த 2022 ஜூனில் அந்தக் காப்பகத்தை இணையத்தில் திரும்பக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் 2005இல் நூலகம் என்று ஒரு எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, வீடு வீடாகக் கிடந்த பழைய புத்தகங்களை ஏற்றுகிறார்களே, அதே வேலை.

இனி உங்கள் மர்ஃபிக்கு வருவோம். கப்பலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கனடாவுக்கு வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள் ஒழுங்காக இருப்பது 1865இல் இருந்துதான், 1847க்கு அநேகமாகக் கிடைக்காது. அந்த ஒரே வருடத்தில், 20,000 பேர் மட்டில் வாழ்ந்த ரொறன்ரோவில் 38,000க்கும் மேற்பட்ட ஐரிஷ் அகதிகள் வந்திறங்கினார்கள். அங்கேயே காய்ச்சலில் செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். மகளின் நகரத்தில் ஏரிக்கரையோரம் அவர்களுக்கென்று அயர்லாந்துப் பூங்கா என்று ஒரு நினைவிடம் இருக்கிறது, பேரனை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கோர்க் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். அது ஒரு மாவட்டம், ஒரு பட்டணம், கப்பல் புறப்படும் துறையும்கூட. கப்பலேறிய துறையையே பிள்ளைகள் சொந்த ஊர் என்று நினைத்துக்கொள்வது சாதாரணம். கொழும்பில் விமானம் ஏறியவரின் பேரப்பிள்ளைகள் நாளைக்கு "நாங்கள் கொழும்பு" என்று சொல்லமாட்டார்களா? அதோடு மர்ஃபி அயர்லாந்தில் ஆகக் கூடுதலாக வழங்கும் பெயர். உங்களுக்கு வேண்டியது டவுன்லாண்ட், அதாவது எங்கள் குறிச்சி மாதிரி ஒரு சின்ன இடப்பெயர். அங்கே அப்படி 60,000க்கும் மேல் இருக்கின்றன. அந்தப் பெயர் அநேகமாக அயர்லாந்தில் கிடைக்காது, கனடாவில்தான் கிடைக்கும்: கல்லறைக் கல்லில், பழைய பத்திரிகையின் மரண அறிவித்தலில், கோயில் கலியாணப் பதிவில். பூட்டனுடைய பதிவை மட்டும் பார்க்கவேண்டாம், அவரோடு வந்த சகோதரங்கள், பக்கத்துக் காணிக்காரர், பிள்ளைகளுக்கு ஞானத்தாய் ஞானத்தகப்பனாக நின்றவர்கள் எல்லாரையும் பாருங்கள். ஒரு ஊரார் சேர்ந்துதான் போவார்கள், போன இடத்திலும் கிட்டக் கிட்டத்தான் இருப்பார்கள். ஸ்காபரோவில் போய் எந்தத் தெருவில் எந்த ஊர் ஆட்கள் கூட என்று விசாரித்தால் உங்களுக்கே விளங்கும்.

குறிச்சி கிடைத்த பிறகு கோயில் புத்தகத்தைத் திறக்கலாம். அது பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், ஜேம்ஸ் என்பவர் யாகோபுஸ் ஆகவும் வில்லியம் குலியெல்முஸ் ஆகவும் நிற்பார்கள், பயப்படவேண்டாம். பெயர் வைக்கிற முறையும் கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர் என்று பல குடும்பங்களில் வைத்தார்கள். பெயரைச் சுமப்பதால்தானே பேரன் என்கிறோம், எங்களுக்கு அது புதிதா? கனடாவில் பிறந்த பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதினால், அயர்லாந்தில் விட்டுவந்த கிழவன் கிழவியின் பெயர் உங்கள் கையில் இருக்கும். நிச்சயம் என்று சொல்லமாட்டேன், தேடலுக்கு ஒரு பிடி.

1847க்கும் 1864க்கும் இடையில் எழுதிய கிரிஃபித் மதிப்பீடு என்ற காணிப் பதிவு ஒன்றும் உண்டு, ஒல்லாந்தர் காலத் தோம்பு போல யார் யாருடைய காணியில் குடியிருந்தார் என்று சொல்லும். உங்கள் ஆள் போனபிறகு எழுதியதென்றாலும் ஊரில் நின்றுவிட்ட தமையன் தம்பி அதில் இருப்பார்கள்.

சுண்டிக்குளியில் இருந்து ஒரு வாசகர்: லண்டனில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். கூட வேலை செய்த ஐரிஷ் நண்பருக்காக அவருடைய வம்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் ஒருவர் போட்டிருக்கிற குடும்ப மரத்தில் நண்பரின் முன்னோர் ஐந்து தலைமுறை அப்படியே இருக்கிறது. எடுத்துப் போட்டால் வேலை முடிந்ததா?

முடியாது ஐயா. எடுங்கள், ஆனால் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனி மூர் கதையைச் சொல்கிறேன். 1892 ஜனவரி 1ஆம் திகதி நியூயோர்க்கில் எல்லிஸ் தீவு என்ற குடிவரவு நிலையம் திறந்தபோது முதலில் உள்ளே கால் வைத்தவர் இவர், கோர்க் மாவட்டத்துப் பெண், தம்பிமார் இருவரோடு வந்தவர். பிற்காலத்தில் ரெக்சாஸில் வாழ்ந்து ட்ராமில் அடிபட்டு இறந்த ஒரு ஆனி மூர்தான் அவர் என்று எல்லாரும் நம்பினார்கள், அந்தக் குடும்பத்தாரை விழாக்களுக்குக்கூட அழைத்தார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்ச ஆய்வாளர் பதிவுகளைப் பார்த்தபோது ரெக்சாஸ் ஆனி அமெரிக்காவிலேயே, இல்லினோய் மாநிலத்தில், பிறந்தவர் என்று தெரிந்தது. அப்போ உண்மையான ஆனி எங்கே? 2006இல் ஸ்மோலென்யாக் 1,000 டொலர் பரிசு அறிவித்து மற்றத் தேடுநர்களையும் கூப்பிட்டார். ஆளுக்கொரு பதிவாகத் தோண்டி, சில வாரங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உண்மையான ஆனி நியூயோர்க்கை விட்டுப் போகவே இல்லை, இறங்கிய இடத்துக்குக் கிட்டவே கலியாணம் செய்து பிள்ளை பெற்று 1924இல் இறந்து, பெயர்க்கல் இல்லாத குழியில் கிடந்தார். 2008இல் கல் நாட்டினார்கள். ஒரு பிறந்த இடத்தைச் சரிபார்க்காததால் எத்தனையோ வருடம் வேறொரு குடும்பம் அவருடைய இடத்தில் நின்றது, அதை நினைக்க எனக்கு மனம் ஆறுவதில்லை.

அதனால் அந்த மரத்தைப் போட்டவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "இந்த ஆளைப் பற்றி ஏதும் தெரியுமா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. பெயர், ஏறத்தாழ வயது, மதம், கடைசியாகத் தெரிந்த இடம், நீங்கள் ஏற்கனவே பார்த்து முடித்த பதிவுகள் எவை, இதெல்லாம் எழுதி, உங்களிடம் இருக்கிற ஒரு படத்தையோ பதிவையோ முதலில் நீங்கள் கொடுங்கள். பழைய ஐரிஷ்காரர் அப்படித்தான் தேடினார்கள். பொஸ்ரன் நகரத்து பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, பிரிந்துபோன சொந்தங்களைத் தேடும் விளம்பரங்களுக்கென்றே ஒரு பகுதி வந்தது. இன்ன பங்கு, இன்ன குறிச்சி, இன்ன வருடம் வந்தவர், கடைசியாக இன்ன ரயில்பாதையில் கூலிவேலை செய்தவர் என்று தங்கைமாரும் மனைவிமாரும் கேட்டு எழுதியவை. அந்த விளம்பரங்களே இன்றைக்குப் பெரிய ஆவணம்.

உயிரோடு இருக்கிறவர்களின் பிறந்த திகதியை மட்டும் யாருக்கும் கொடுக்கவேண்டாம். அயர்லாந்து அரசாங்கமே பிறப்புப் பதிவை 100 வருடம் கழிந்த பிறகுதான் இணையத்தில் காட்டுகிறது.

பருத்தித்துறையில் இருந்து ஒரு வாசகி: எச்சிலை எடுத்து அனுப்பினால் டீ.என்.ஏ. சோதனையில் ஊர் தெரிந்துவிடுமா?

ஊர் தெரியாது தங்கச்சி. சொந்தக்காரர் யார் என்று ஒரு பட்டியல் வரும், அவர்களிடம் ஊரைக் கேட்கலாம், அவ்வளவுதான். தூரத்துச் சொந்தம் உண்மையான சொந்தமாக இருந்தும் பொருந்தாமல் போவதுண்டு. வீட்டில் இருக்கிற ஆக மூத்தவரைச் சோதிக்கச் சொல்லுங்கள், அவர் ஒரு தலைமுறை கிட்ட.

மானிப்பாயில் இருந்து ஒரு வாசகர்: போன இதழில் ஐரிஷ் வேர் தேடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அப்பப்பாவின் தமையன் மலாயா ரயில்வேயில் கிளார்க் வேலைக்குப் போனவர், ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதம் இல்லை. எங்கள் ஆட்களையும் இப்படித் தேடமுடியுமா?

முடியும் தம்பி, அதே வழிதான். போனவரை விட்டுவிட்டு அவரோடு போனவர்களைப் பிடியுங்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து ஒரே கிழமையில் கப்பலேறிய ஊர்ப்பெடியன்கள் யார், அவர்களில் மலாயன் பென்சன் எடுத்துக்கொண்டு திரும்பிவந்து வீடு கட்டியவர் யார் என்று மானிப்பாயிலேயே விசாரியுங்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தார் கட்டியது. அங்கே உள்ள இலங்கைத் தமிழர் சங்கங்களுக்கும் எழுதிப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. எங்கள் வீட்டிலும் அப்பாவின் சின்னையா ஒருவர், கோட்டும் தலைப்பாகையுமாக, சுவரில் தொங்கினார், மலாயாவில் எந்த இடம் என்று ஒருவருக்கும் தெரியாது. 1995 ஒக்ரோபரில் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றினார். சட்டத்தோடு படத்தைத் தூக்கமுடியாது என்று பின்பலகையைக் கத்தியால் நெம்பி, படத்தை மட்டும் எடுத்தார். அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தோம். தைப்பிங் என்ற ஊர்ப்பெயரோடு ஸ்ரூடியோ முத்திரை, அதற்குக் கீழே பென்சிலால் ஒரு பெண்ணின் பெயர். ஐம்பது வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்து. பிறகு அந்த இரண்டையும் வைத்து எழுதிக் கேட்டதில் அவருடைய பேத்தி ஒருவர் பதில் போட்டார், அவர் வீட்டிலும் இதே படம் இருந்தது.

உங்கள் வீட்டுப் படத்தையும் கழற்றிப் பாருங்கள். மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள், முகம் உரிந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்துவிட்டு, பின்பக்கத்தைத் தனியாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.