எம்.எஸ். நோய்க்கு எந்த நரம்பியல் மருத்துவர்?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. சென்ற மாதம் திடீரென்று இடது கண்ணில் பார்வை மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்கிறார்கள். வெளிநாட்டில் ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி முடித்த மருத்துவரிடம்தான் காட்ட வேண்டுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வெளிநாடா உள்நாடா என்பது முக்கியமல்ல. எம்.பி.பி.எஸ்., 3 ஆண்டு எம்.டி., அதன் மேல் 3 ஆண்டு டி.எம். நரம்பியல் என்பதே நம் நாட்டில் வழக்கமான பாதை. உங்கள் ஊரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் நேரடியாகச் சேரும் நீண்ட படிப்பும் உண்டு. ஆனால் டி.எம். பயிற்சியில் பெரும்பாலும் கையாள்வது பக்கவாதமும் வலிப்பும் மூளைத் தொற்றும்தான் என்பதால், எம்.எஸ். போல, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் நரம்பையே தாக்கும் நோய்களில் தனிப் பயிற்சி பெற்றவரா என்று நீங்கள் கேட்பதில் தவறில்லை.

அந்தப் பயிற்சியின் சாரம், எம்.எஸ். போலத் தோன்றும் பிற நோய்களைப் பிரித்தறிவது. தங்கைக்கு வந்ததைப் போன்ற கண் நரம்பு அழற்சி என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா) என்ற வேறொரு நோயிலும் வரும். 2004-க்குப் பிறகு, அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடி அதைப் பிரிக்க முடிகிறது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடும் என்பதால் இது வெறும் பெயர் விவகாரமன்று. பயிற்சி பெற்றவர் தண்டுவடப் படத்தில் புண்ணின் நீளத்தைப் பார்ப்பார், எம்.எஸ்.ஸில் அது பெரும்பாலும் சிறியது, என்.எம்.ஓ.விலோ 3 முள்ளெலும்புகளின் உயரத்துக்கு மேலும் நீளக்கூடும். தேவைப்பட்டால் தண்டுவட நீரையும் சோதிக்கச் சொல்வார்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். எலியின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைப் பற்றிய ஆய்வு உயர்ந்ததே. ஆனால் தங்கைக்கு உதவுவது, நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதியவரின் அனுபவம். மருந்துப் பரிசோதனைகளில் பணியாற்றியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: நோயாளியை வராந்தாவில் நடக்கவிட்டு, கைத்தடியின்றி, நிற்காமல் எத்தனை மீட்டர் போகிறார் என்று குறித்துக்கொள்வார்கள். எம்.எஸ். நோயாளியின் இயலாமையை அளக்க 1983-இல் நரம்பியல் மருத்துவர் கர்ட்ஸ்கி வகுத்த இ.டி.எஸ்.எஸ். அளவுகோலில் அந்தத் தூரம் முக்கியமானது. அடுத்த முறை நிலைமை முன்னேறியதா சரிந்ததா என்பது ஊகமாக இராது. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைத் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை செய்யத் தவறாதவர்களும் பொதுவாக இவர்களே.

செல்லும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கையுடன் படங்கள் பதிந்த சி.டி. வட்டையும் கொண்டு போங்கள்; படத்தைத் தாமே பார்க்காமல் அறிக்கையை மட்டும் படித்துவிட்டு மருந்து எழுதுபவரிடம் நான் என் தங்கையை விடமாட்டேன். அதற்குள் பார்வை மேலும் மங்கினாலோ கால் மரத்துப்போனாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லவும்.