மாமா கம்பெனியா, ஐடிஇயா?

கேள்வி: 18 வயது மகன் சீர்திருத்தப் பயிற்சி நிலையத்திலிருந்து (குற்றம் செய்த இளையரை அடைத்துவைக்கும் இடம்) அடுத்த மாதம் வருகிறான். உள்ளேயே உயர்நிலைப் பள்ளி 'என்' (N) லெவல் தேர்வு எழுதித் தேறிவிட்டான். ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில் படிக்க ஆசைப்படுகிறான். துவாஸில் கம்பெனி வைத்திருக்கும் என் தம்பியோ, "படிப்பெல்லாம் அப்புறம், இரவு ஷிஃப்டுக்கு அனுப்பு" என்கிறான். சொந்தக்காரர்களிடம் மகன் ஜோகூரில் படிப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறோம். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, தம்பிக்கு நல்ல மனசுதான். ஆனால் இரவு ஷிஃப்ட் நடக்கிற காரியமா? வெளியே வருகிற பையன்கள் கொஞ்ச காலம் மேற்பார்வையில் இருக்க வேண்டும். எங்கே இருக்கிறான் என்று கண்காணிக்கக் காலில் மின்னணு டேக் கட்டுவார்கள், இத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பார்கள். மீறினால் மறுபடி உள்ளே போக வேண்டிவரலாம். அந்த வேலையே அவனை மாட்டிவிடும்.

படிக்கட்டும். எனக்குப் பயமெல்லாம் வெளியே வந்ததற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் வரும் நாட்களைப் பற்றித்தான். உள்ளே எழுவது, சாப்பிடுவது எல்லாம் மணியடித்தபடி. வீட்டிலோ நாள் முழுக்கச் சும்மா இருப்பான், பழைய கூட்டாளிகளின் வாட்ஸ்அப் வேறு வரும். ஐடிஇ சேர்க்கை நினைத்த நேரத்தில் நடப்பதில்லை. அதனால் தேதிகளை இப்போதே அவனுடைய அதிகாரியிடம் கேளுங்கள். இடைவெளி நீளமாக இருந்தால் தம்பியிடம் பகல் வேலையாகக் கேட்டு வாங்குங்கள், அவருக்கும் மனக்குறை இருக்காது.

தேசிய சேவையை, அதாவது ஆண் பிள்ளைகளுக்கான கட்டாயச் சேவையை, பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. வயது 18 ஆகிவிட்டது. படிப்புக்காகத் தள்ளிவைக்க முடியுமா என்று ஐடிஇயில் சேருவதற்கு முன்பே, அந்தச் சேவைக்கு ஆள் சேர்க்கும் சிஎம்பிபியில் கேட்டுவிடுங்கள்.

கட்டணத்துக்கு, திறன் பயிற்சிக்காக அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் 500 வெள்ளியை நம்பாதீர்கள், அது 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு உதவும் மஞ்சள் ரிப்பன் நிதியில் படிப்பு உதவி உண்டா என்று விசாரியுங்கள். பீட்டி ரோட்டில் இருக்கும், நம் இந்தியச் சமூகத்துக்கான உதவி அமைப்பான சிண்டாவுக்கும் போங்கள். மாதாமாதம் அதற்கு நம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, கூச்சப்பட என்ன இருக்கிறது?

ஜோகூர் கதையை அவன் வருவதற்குள் நீங்களே முடித்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் விவரம் சொல்ல வேண்டாம், "இங்கேதான் இருந்தான், ஐடிஇக்குப் போகப்போகிறான்" என்றால் போதும். இல்லாவிட்டால் தீபாவளிக்கு ஒரு அத்தை வந்து, "அங்கே எந்த காலேஜுப்பா?" என்று கேட்கும்போது, நீங்கள் சொன்ன பொய்யை அவன் தொடர வேண்டியிருக்கும். ஒழுங்காக இருக்க நினைத்து வருகிறவனுக்கு முதல் வேலையாக அதையா கொடுப்பது?

இன்னொன்று. மகன் என்ன கோர்ஸ் படிக்க நினைக்கிறான் என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அடுத்த முறை பார்க்கப் போகும்போது அதைக் கேளுங்கள், தம்பியைக் கூட்டிக்கொண்டு போகாமல்.