வெள்ளிக்கிழமை வட்டத்துக்கு எந்தப் புத்தகம்?

அன்புள்ள ஐயா,

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பள்ளியில் மொத்தம் 31 பிள்ளைகள். நானும் தலைமையாசிரியரும் என்று இரண்டு பேர்தான். 4, 5 வகுப்புகளில் இருக்கும் 14 பேரை வைத்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். முதலில் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தோம். "என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டேன். 14 பேரும் "நன்றாகப் படிக்க வேண்டும் டீச்சர்" என்றார்கள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. அடுத்து ஒரு மொழிபெயர்ப்பு நாவல். இரண்டு பேர் முடித்தார்கள், மற்றவர்கள் பத்தாவது பக்கத்தைத் தாண்டவில்லை.

பிள்ளைகள் பேய்க்கதை கேட்கிறார்கள். பெற்றோர் நீதிக்கதை வாங்கச் சொல்கிறார்கள். ஒரு பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். வட்டத்தில் உட்கார்ந்து படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனை உட்கார வைப்பது அவனுக்குச் சிரமமோ என்று தோன்றுகிறது. புத்தகத் திருவிழா வருகிறது. கையில் 2000 ரூபாய் இருக்கிறது. 20 புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 31 பிள்ளைகளையும் அத்தனை பதிவேடுகளையும் இரண்டே பேர் பார்த்துக்கொள்ளும் ஒரு பள்ளியில், வாரத்தில் ஒரு பாடவேளையைக் கதைக்கென்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

20 புத்தகப் பட்டியலை நான் தரப்போவதில்லை. அந்த 14 பேரையும் நான் பார்த்ததில்லை, நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். 'நான்காம் வகுப்புக்கு ஏற்ற நூல்' என்று அவர் எழுதவில்லை. பட்டியல்களோ வகுப்பைப் பார்த்துத்தான் போடப்படுகின்றன. ஒரே வகுப்பில் நாவலை முடித்த பிள்ளையும் எழுத்துக் கூட்டும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பட்டியலுக்குப் பதிலாக, புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான் நம்புவதைச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், இதை வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்க்காதீர்கள். இதை முடித்த பிறகு அவர்கள் தங்களுக்குள் எதைப் பற்றி மாறி மாறிப் பேசுவார்கள் என்று பாருங்கள். உங்கள் முதல் புத்தகம் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் பிள்ளைகள் இல்லை. அந்தப் புத்தகத்தில் ஒரே பதில்தான் இருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கும் அதே பதில்தான். டீச்சர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

பேச இடம் தரும் புத்தகம் எப்படி இருக்கும்? ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். டெட்சுகோ குரோயாநாகி எழுதி 1981-இல் ஜப்பானில் வந்த 'டோட்டோ சான்'. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருந்த ஒரு பள்ளியில் நூலாசிரியர் தன் சிறுவயதில் படித்த கதை அது. அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறுவதற்கு என்று ஒரு மரம் உண்டு. யாசுவாகி என்ற பையனுக்குப் போலியோ, அவனால் மரம் ஏற முடியாது. டோட்டோ அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள். ஏணியை இழுத்து வந்து, தள்ளி, தூக்கி, வியர்வை சொட்டச் சொட்ட அவனை மேலே ஏற்றிவிடுகிறாள். ஆனால் வீட்டில் உண்மையைச் சொல்லாமல்தான் கிளம்பியிருக்கிறாள். யாசுவாகி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் பொய் சொல்கிறாள்.

இந்த அத்தியாயத்தை எங்கள் நூலகத்தில் வாசித்த அன்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அம்மாகிட்ட பொய் சொன்னது தப்பு" என்றாள் ஒரு சிறுமி. "உண்மையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா?" என்றான் ஒரு பையன். "அவன் விழுந்திருந்தா?" என்றாள் இன்னொருத்தி. கடைசியில், அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை, "எங்க அண்ணனுக்கும் கால் வராது, அவனை யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டாங்க" என்றது. வெகுநேரம் பேசினார்கள். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கும் அதற்கு ஒரே பதில் கிடையாது.

புத்தகத்தில் யாசுவாகி பின்னால் இறந்துபோகிறான். பள்ளியும் 1945-இல் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. பிள்ளைகளுக்கு இந்தச் சோகம் தேவையா என்று சில பெற்றோர் கேட்பார்கள். சாவு வீடும் சண்டையும் கடனும் நம் பிள்ளைகளின் தெருவிலேயே இருக்கின்றன. அதைப் பற்றிப் பேச ஓர் இடம்தான் இல்லை.

அந்தப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகளே வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வாசியுங்கள். ஒவ்வோர் அத்தியாயமும் சில பக்கங்கள்தான். 14 பேருக்கும் பொதுவான புத்தகத்தை உங்கள் குரலில் கொடுத்துவிட்டால், எழுத்துக் கூட்டுபவனும் கதையைப் பொறுத்தவரை எல்லோருக்கும் சமமாகிவிடுவான். பாடவேளையில் முதல் பதினைந்து நிமிடம் அதற்கு, அப்புறம் அவரவர் புத்தகம், மிச்சம் பேச்சு.

அப்புறம் உங்கள் இரண்டாவது புத்தகம். பத்தாவது பக்கத்தில் ஏன் நின்றார்கள் என்பதற்குத் தமிழுக்கே உரிய ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு அர்த்தம் தெரியவில்லை என்றால் அது கடினமான புத்தகம் என்று ஆங்கில வாசிப்புக்கு ஒரு ஐந்து விரல் கணக்குச் சொல்வார்கள். தமிழில் அது முழுதாக உதவாது. 'எடுத்துக்கொண்டிருந்தபோது' என்ற சொல்லின் அர்த்தம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதில் 13 எழுத்துகள். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். இப்படி ஒரு வரியில் மூன்று சொல் வந்தால் கதை கையை விட்டுப் போய்விடும். இது போதாதென்று, வீட்டில் 'எடுத்துக்கிட்டு இருந்தப்போ' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் வேறொரு தமிழைச் சந்திக்கிறது. நாம் அதைப் பழகிப் பழகி மறந்துவிட்டோம், பிள்ளைக்கு அது பாதி புது மொழி.

அதனால் கடையில் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால் வைத்துவிடுங்கள், எவ்வளவு புகழ்பெற்ற கதையாக இருந்தாலும் சரி. பாத்திரங்கள் பேசும் இடங்களில் வீட்டுப் பேச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சுத் தமிழில் உரையாடல் வந்தால் பிள்ளைகளின் மொழி கெட்டுவிடும் என்ற பயத்தை நான் ஏற்கவில்லை. அந்த உரையாடல்தான் அவர்கள் உள்ளே வரும் வாசல். வெளிநாட்டுக் கதைகளை மொழிபெயர்ப்பவர்கள், எழுதியதை ஒரு முறையாவது ஒரு பிள்ளைக்கு வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்கக் கூடாதா என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. சில நல்ல கதைகள் நம் பிள்ளைகளிடம் வந்து சேராமல் போனது நீளமான வாக்கியங்களால்தான்.

வாங்குவதற்கு முன் பள்ளி பீரோவை ஒரு முறை திறந்து பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களைக் கொண்டுவந்தது. உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அவை வட்டத்துக்கு நேராகப் பயன்படும். நான்காம் வகுப்பு என்பதால் 'ஓடு' என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள், எடுப்பவர்கள் எடுக்கட்டும். எளிதான புத்தகத்தை எடுத்த பிள்ளையை "இது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கி அச்செடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், அதற்கு உரிமம் அனுமதிக்கிறது. 2000 ரூபாயில் ஒரே தலைப்பை 14 பிரதி வாங்காதீர்கள். ஏதாவது ஒன்றில் மட்டும் நான்கு ஐந்து பிரதி போதும், மூன்று பேர் தலையோடு தலை சேர்த்துப் படிப்பார்கள். மற்றதெல்லாம் ஒவ்வொன்று.

பேய்க்கதை வாங்குங்கள், டீச்சர். தயங்க வேண்டாம். பிள்ளைகள் கேட்டு வாங்கும் புத்தகம் ஒன்றாவது அந்தப் பையில் இருக்க வேண்டும். புளியமரத்துப் பேயையும் கிணற்றடி முனியையும் தங்கள் பாட்டிகளிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். புத்தகத்துப் பேயையும் ஊர்ப் பேயையும் அவர்களே ஒப்பிடுவார்கள். ரத்தமும் சித்திரவதையுமாக இருப்பதை விலக்குங்கள், அது உங்கள் பொறுப்பு. பெற்றோரிடம் வாதம் செய்ய வேண்டாம், ஒரு வெள்ளிக்கிழமை வந்து உட்காரச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வகைப் புத்தகத்தில் மட்டும் நீங்கள் முழுதாக முதலில் படித்துவிட வேண்டும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. பிள்ளைகள் தங்கள் உடலைப் பாதுகாத்துக்கொள்வது பற்றிய கதை. ஐந்தாம் வகுப்புக்கு அவசியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை வாசித்த பிறகு ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வந்து ஏதாவது சொல்லலாம். அப்போது என்ன செய்வது, யாரிடம் போவது என்று தெரிந்துகொண்டு (குழந்தைகள் உதவி எண் 1098) அப்புறம் எடுங்கள்.

கேள்வி கேட்பது பற்றி ஒரு வார்த்தை. ஏய்டன் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலச் சிறார் எழுத்தாளர், ஆசிரியராகவும் இருந்தவர், பிள்ளைகளோடு புத்தகம் பேசுவதற்கு ஒரு முறையை 1993-இல் புத்தகமாகவே எழுதினார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை, எது திரும்பத் திரும்ப வந்தது, இவ்வளவுதான் அடிப்படைக் கேள்விகள். 'ஏன்?' என்று கேட்பதைத் தவிர்க்கச் சொன்னார். நம் வகுப்பறைக்கு இது இன்னும் பொருந்தும். நம் பிள்ளைகள் 'ஏன்' என்ற சொல்லைக் கேட்பது பெரும்பாலும் தாமதமாக வந்ததற்கும் வீட்டுப்பாடம் எழுதாததற்கும்தான். "அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் முகம் மாறிவிடாதீர்கள், அன்றைக்கு நல்ல பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

அந்தப் பையனைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். அவனை வட்டத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. படத்தை மட்டும் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அதைப் படித்துக்கொண்டிருக்கிறான். எங்கள் நூலகத்துக்கு ஒரு சிறுமி வருவாள், எட்டு வாரம் ஒரே படப் புத்தகத்தை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒன்பதாவது வாரம் அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லச் சொன்னோம். எழுத்தில் இல்லாத ஒரு கோழி அவள் கதையில் வந்தது. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது. சரளமாகப் படித்த யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும்தான். எழுத்தே இல்லாத, அல்லது பக்கத்துக்கு ஒரே வரி உள்ள படப் புத்தகங்கள் இரண்டு மூன்று வாங்குங்கள். எல்லோருக்கும் பொதுவாக வாங்குங்கள், அவனுக்கென்று தனியாக வேண்டாம். முதலில் கதை சொல்லும் வாய்ப்பு அவனுக்கு வரட்டும்.

முடிந்தால் 2000-இல் 500 ரூபாயைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். திருவிழாவுக்கு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பையனையும் சேர்த்து. பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அரங்கைச் சுற்றி வர ஒரு மணி நேரம் கொடுங்கள். அவர்கள் எதை எடுத்தாலும் மறுக்காதீர்கள். என்ன வாங்கினார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அந்தப் பட்டியலை இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.