ஐபி முகவரி இருக்கும்போது மேக் முகவரி எதற்கு?

கேள்வி: "ஒவ்வொரு கணினிக்கும் ஐபி அட்ரஸ் இருக்கிறது. அப்புறம் மேக் அட்ரஸ் என்று இன்னொன்று எதற்கு? ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா எப்படித்தான் போகிறது? கல்லூரியில் ஏழு அடுக்கை மனப்பாடம் செய்து பாஸானேன், இன்றுவரை புரியவில்லை."

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும், அது படுத்துக்கொண்டால் போய் எழுப்பிவிடுவதும்தான் 11 வருஷமாக என் பிழைப்பு. நெட்வொர்க் வேலையை ஏழு படியாகப் பிரித்துச் சொல்லும் அந்த ஏழு அடுக்குப் பாடம் எனக்கும் மனப்பாடம்தான். வேலையில் சேர்ந்த முதல் வருஷம் அது ஒரு நாளும் கைகொடுக்கவில்லை. கண்ணைத் திறந்தது ஒரு சின்னக் கட்டளை.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து "ஆர்ப் -ஏ" என்று (ஆங்கில எழுத்தில்: arp -a) அடித்துப் பாருங்கள். ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் ஐபி, அதற்கு நேராக மேக். உங்கள் கணினி அண்மையில் யாரிடம் நேராகப் பேசியது என்ற கணக்கு அது. நான் முதன்முதலில் அதைப் பார்த்த நாள், காலையிலிருந்து பத்துப் பதினைந்து தளங்களைத் திறந்திருந்தேன், மெயில் அனுப்பியிருந்தேன், பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலிலோ பிரின்டர், பக்கத்து அறை சர்வர், ரவுட்டர். மூன்றே பேர். (255 என்று முடிவதும் 224 என்று தொடங்குவதும் பொது அறிவிப்புக்கான முகவரிகள், அவற்றை விட்டுவிடுங்கள்.) கூகுள் எங்கே, பாட்டு வரும் தளம் எங்கே என்று தேடினேன். இல்லை. இருக்கவும் முடியாது. என் கணினி அவர்களில் யாரிடமும் நேராகப் பேசவே இல்லை. வெளியே போகவேண்டிய அத்தனையையும் ரவுட்டரிடம் கொடுத்துவிட்டு "நீ பார்த்துக்கொள்" என்று விட்டிருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐபி, கடைசியில் யாருக்கு என்பதைச் சொல்கிறது. மேக், இப்போது யார் கையில் கொடுக்கவேண்டும் என்பதைச் சொல்கிறது.

எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு பனியன் பண்டல் கொல்கத்தாவுக்குப் போகிறது. பண்டல் மேல் மார்க்கரில் கடைப் பெயரும் ஊரும் பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து அதை ஏற்றிக்கொண்டு போகும் டெம்போக்காரருக்குக் கொல்கத்தா எந்தத் திசை என்றுகூடத் தெரியவேண்டியதில்லை. அவர் கையில் இருக்கும் சீட்டில் லாரி ஷெட் பெயர் மட்டும்தான். ஷெட்டில் இறக்கியதும் அந்தச் சீட்டின் ஆயுசு முடிந்தது. அங்கிருந்து கிளம்பும் லாரிக்கு வேறு சீட்டு, போய்ச் சேரும் ஊரில் இறக்கியபின் சின்ன வண்டிக்கு இன்னொரு சீட்டு. பண்டல் மேல் எழுதியது ஐபி. ஒவ்வொரு தாவலுக்கும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதும் சீட்டு மேக். டேட்டா ஒரு ரவுட்டரைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் பழைய மேக் தலைப்பு கழற்றப்பட்டு, அடுத்த தாவலுக்கானது மாட்டப்படுகிறது. அதனால்தான் உங்கள் கணினியின் மேக் உங்கள் ரவுட்டரைத் தாண்டி யாருக்கும் தெரிவதில்லை.

ஏன் இப்படி இரண்டாக வைத்தார்கள் என்றால், இரண்டையும் ஒரே ஆள் உட்கார்ந்து யோசிக்கவில்லை. மேக் முகவரி ஈத்தர்நெட்டைச் சேர்ந்தது. ஈத்தர்நெட் 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் தொடங்கியது. ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் இயந்திரங்கள் ஒரே கேபிளில் பேசிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. வெவ்வேறு வகை நெட்வொர்க்குகளை ஒன்றோடு ஒன்று கோப்பது எப்படி என்பது வேறு கவலை. அதற்கு விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் எழுதிய கட்டுரைதான் இன்றைய இணையத்தின் அடிப்படை விதிமுறைகளான டிசிபி/ஐபிக்கு வித்து. ஈத்தர்நெட்டுக்கு ஐபி என்றால் என்னவென்றே தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்துவைக்க 1982-இல் வந்த தரகர்தான் மேலே பார்த்த ஆர்ப்.

அந்தத் தரகு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணினி 192.168.1.20, பிரின்டர் 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பிரின்ட் கொடுத்ததும் கணினி கேட்கும் முதல் கேள்வி: இந்த ஆள் நம்ம தெருவா, வெளியூரா? அதைத் தீர்மானிப்பது 255.255.255.0 என்று செட்டிங்கில் பார்த்திருப்பீர்களே, அந்த சப்நெட் மாஸ்க். 255 இருக்கும் இடங்களில் இரண்டு ஐபியும் ஒத்துப்போனால் ஒரே தெரு. இங்கே ஒத்துப்போகிறது. உடனே கணினி தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் போடுகிறது: "192.168.1.50 யாருங்க? உங்க மேக் என்ன?" எல்லோருக்கும் கேட்கும், பிரின்டர் மட்டும் பதில் சொல்லும். பதிலைக் கணினி குறித்து வைத்துக்கொள்ளும், அதுதான் அந்தப் பட்டியல். போகவேண்டிய முகவரி வெளியூர் என்றால் சத்தம் வேறு மாதிரி: கூகுளை அழைக்காது, "ரவுட்டர் யாருங்க?" என்று கேட்கும். ரவுட்டரின் மேக்கைச் சீட்டில் எழுதி, கூகுளின் ஐபியைப் பண்டல் மேல் எழுதி அனுப்பிவிடும். ஐபியில் எழுதியிருக்கும் ஆளும் மேக்கில் எழுதியிருக்கும் ஆளும் வேறு வேறு என்பது புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதற்கு நடுவில் எல்லாக் கணினியின் கேபிளும் வந்து சேரும் பெட்டியாக மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஸ்விட்ச் என்ன செய்கிறது? அது மேக்கை மட்டும் படிக்கும். யார் எந்த போர்ட்டிலிருந்து (கேபிள் சொருகும் துளை) பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டு ஒரு அட்டவணை வைத்திருக்கும். தெரிந்த மேக்குக்கு வந்தது அந்த போர்ட்டில் மட்டும் போகும். தெரியாததாக இருந்தால், வந்த வழியை விட்டு மற்ற எல்லா போர்ட்டிலும் தள்ளிவிடும். இந்த அட்டவணையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறது.

டேட்டா ஒரே துண்டாகப் போவதில்லை என்பது தெரிந்திருக்கும். ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக அதிகபட்சம் 1,500 பைட். தலைப்புகளுக்குக் கழித்தால் சரக்குக்கு 1,460. 3 எம்பி போட்டோ ஒன்று 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாகப் போகிறது. எதிர்முனை "இதுவரை வந்தது" என்று அவ்வப்போது ரசீது அனுப்பிக்கொண்டே இருக்கும். ரசீது வராத துண்டை டிசிபி மறுபடி அனுப்பும். பனியன் பண்டல் தொலைந்தால் நஷ்டம். பாக்கெட்டுக்கு நகல் இருக்கிறது, கவலையில்லை. வீடியோ காலில் மட்டும் பெரும்பாலும் இந்த ரசீது வேலை இல்லாத யுடிபி. இரண்டு விநாடி முன்பு பேசிய வார்த்தை இப்போது வந்து என்ன பயன்?

பண்டல் மேல் எழுதியது மாறாது என்கிற மாதிரி மேலே எழுதிவிட்டேன். அதில் ஒரு திருத்தம். உங்கள் வீட்டு 192.168 முகவரி வெளியுலகில் செல்லாது. உங்கள் வீட்டிலும் அதே, என் வீட்டிலும் அதே. பழைய வகை ஐபி 32 பிட். எண்ணிக்கை சுமார் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதனால் ரவுட்டர் வாசலில் நின்று அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதி, யாருடைய சரக்கு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உள்ளே உரியவரிடம் கொடுக்கும். இதற்குப் பெயர் நாட். 128 பிட் கொண்ட புது வகை ஐபியான ஐபிவி6-இல் இந்தத் தேவை இல்லை.

வாசலைத் தாண்டியபின் நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. உங்கள் ரவுட்டருக்கு சிங்கப்பூர் போகும் வழி தெரியாது. இணைய நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்குக்கூட முழு வழி தெரியவேண்டியதில்லை. "இந்த வகை முகவரி என்றால் அந்தக் கம்பியில் போடு" என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டவணை இருக்கிறது. எவருக்கும் அடுத்த ஆள் வரைக்கும்தான் தெரியும். இப்படிக் கைமாறிக் கைமாறி, தவறான அட்டவணையால் ஒரு பாக்கெட் இரண்டு ரவுட்டருக்கு நடுவே பந்தாடப்பட்டால்? அதற்குத்தான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 64 அல்லது 128 என்று ஒரு எண். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் தூக்கி எறிந்துவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழியில் இருக்கும் ரவுட்டர்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளை இந்தத் தகவலை வைத்துத்தான் வேலை செய்கிறது. முதலில் எண்ணை 1 என்று வைத்து அனுப்பும், முதல் ரவுட்டர் "செத்துப்போச்சு" என்று சொல்லித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிறகு 2, பிறகு 3. நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதீர்கள், அந்த ரவுட்டர் பதில் சொல்லாத ரகம், அவ்வளவுதான்.

தூரம் எங்கே தெரியும் என்றால், ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங்கில். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3,200 கி.மீ. என்று வைத்தால் போக 16 மில்லிவிநாடி, போய்வர 32. எவ்வளவு காசு கொடுத்து எந்த பிளான் போட்டாலும் இதற்குக் கீழே இறங்காது. அந்தமானில் 2020 ஆகஸ்ட் வரை வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. அது 36,000 கி.மீ. உயரத்தில். கேள்வி மேலே ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கி வர, கிட்டத்தட்ட அரை விநாடி. அந்த மாதம் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற தீவுகளுக்கும் சுமார் 2,300 கி.மீ. கேபிள் திறக்கப்பட்டபோது வேகத்தோடு இந்தக் காத்திருப்பும் தீர்ந்தது. "ஸ்பீடு 100 இருக்கு, ஆனா கேம் லேக் ஆகுது" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான்: குழாயின் அகலம் வேறு, நீளம் வேறு. (அந்த 100-உம் மெகாபிட். 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. இதை விளக்கியே என் தொண்டை போய்விட்டது.)

இனி, மேக் எதற்கு என்பதை எனக்கு வாழ்க்கை முழுக்க மறக்காதபடி சொல்லிக்கொடுத்த ஒரு காலைப்பொழுது.

ஒரு கம்பெனியிலிருந்து ஒன்பதேகாலுக்கு போன். "ஏனுங்க, காலைல இருந்து நெட்டே வர மாட்டேங்குதுங்க." போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்கு வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை. வராதவர்களுக்குப் பிரின்டரும் இல்லை. ஒரு கணினியில் உட்கார்ந்து பார்த்தேன். ஐபி 192.168.0.104. நான் போட்டுக்கொடுத்த நெட்வொர்க் 192.168.1. இந்த 0 எங்கிருந்து வந்தது? கணினி ஆன் ஆனதும் "எனக்கொரு முகவரி கொடுங்கள்" என்று தெரு முழுக்கக் கேட்கும், அதுதான் டிஹெச்சிபி. யார் முதலில் கொடுக்கிறார்களோ அதை வாங்கிக்கொள்ளும், கொடுப்பவர் யார் என்று விசாரிக்காது. யாரோ புதிதாக ஒருவர் உள்ளே உட்கார்ந்து முகவரி விநியோகம் செய்துகொண்டிருக்கிறார்.

நான்கு மாடி, 70 கணினி. அந்தக் கணினி தன் ரவுட்டர் என்று காட்டிய 192.168.0.1 என்ற ஐபியை வைத்துக்கொண்டு அந்த ஆள் எந்த மேசையில் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அது வெறும் எண், இடம் சொல்லாது. ஆர்ப் அடித்தேன். மேக் கிடைத்தது. மேக்கின் முதல் பாதி தயாரித்தவரைக் காட்டும். தேடினால் வீட்டு ரவுட்டர் செய்யும் கம்பெனி. அப்புறம் ஸ்விட்சுக்குள் நுழைந்து, அந்த மேக் எந்த போர்ட்டில் கற்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். மூன்றாம் மாடி ஸ்விட்ச், 17-ஆவது போர்ட். கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் மெர்ச்சன்டைசிங் பகுதியில் சாம்பிள் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய ரவுட்டர், ஆன்டெனா ஒன்று உடைந்து, பச்சை விளக்கு எரிய, குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தம்பியைக் கேட்டேன். "வீட்ல சும்மா கெடந்துச்சுங்கண்ணா. இங்க வைஃபை சிக்னல் வராதுங்களே, அதான் கொண்டாந்து மாட்டுனேன்." நெட் கேபிளை லேன் போர்ட்டில், அதாவது அந்த ரவுட்டர் முகவரி விநியோகம் செய்யும் பக்கத்தில், சொருகியிருந்தார். கோபம் வரவில்லை. சிக்னல் வராது என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லியும் அங்கே வைஃபை பரப்பும் ஒரு ஆக்சஸ் பாயின்ட் வாங்க நிர்வாகம் கையெழுத்துப் போடவில்லை.

(மேக்கை வைத்துத் தயாரித்தவரைக் கண்டுபிடிக்கும் இந்த வேலை இப்போது போன்களில் பலிக்காது. புது ஆண்ட்ராய்டும் ஐபோனும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்கைக் காட்டுகின்றன.)

பிடுங்கி எடுத்தபின் ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை ஆன் செய்தேன், இனி அனுமதித்த போர்ட்டிலிருந்து மட்டும்தான் யாரும் முகவரி கொடுக்கமுடியும். தவறான முகவரி வாங்கியவர்களை எல்லாம் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அக்கவுன்ட்ஸ் அக்கா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார், பாதி என்ட்ரியில் இருந்தார். சரி என்று அவர் மேசைக்கு அடியில் குனிந்து நெட் கேபிளைக் கழற்றி, பத்து எண்ணி, மறுபடி சொருகினேன். கணினி மறுபடி தெருவில் கேட்டது. இந்த முறை சரியான ஆள் பதில் சொன்னார். மூலையில் பிரின்டர் காலையிலிருந்து தேங்கிக் கிடந்த பில்களை ஒவ்வொன்றாகத் துப்ப ஆரம்பித்தது.