பூங்கா வேலியை எடுத்துவிட்டு வாசல் வைத்த அடுக்குமாடி: நாங்களே மதில் கட்டலாமா?

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. அதை ஒட்டிப் புதிதாக அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டியவர், பூங்காவின் கம்பிவேலியை அகற்றிவிட்டுத் தன் பக்கத்திலிருந்து பூங்காவுக்குள் நேரே ஒரு வாசல் வைத்துவிட்டார். அங்கே குடிவந்தவர்களின் கார்கள் சறுக்குமரத்துக்கு அருகிலேயே நிற்கின்றன. மீதிக் கார்கள் பூங்கா வாசலை மறித்துத் தெருவில் நிற்கின்றன. கேட்டால், "வேலி இருந்தது எங்கள் இடம், பூங்கா எல்லோருக்கும் பொது" என்கிறார்கள். நலச்சங்கத்தின் செலவில் மதில் எழுப்பி அந்த வாசலை அடைக்கலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த நிலம் அவர்களுடையது அல்ல; உங்கள் சங்கத்துடையதும் அல்ல. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது திறந்தவெளி ஒதுக்கீடாகக் காட்டப்படும் இடம், தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டை இப்படி ஒப்படைத்தே ஆக வேண்டும். ஆகவே வேலி போடும் பொறுப்பும் உரிமையும் உள்ளாட்சிக்குத்தான். நீங்கள் அவசரப்பட்டு மதில் எழுப்பினால், குற்றம் செய்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

முதல் வேலை, காகிதங்களைச் சேர்ப்பது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரம், அந்தக் கட்டடத்துக்குக் கொடுத்த திட்ட அனுமதி வரைபடம் ஆகிய மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும். ஆனால் பட்டா இன்னும் மனை போட்டவரின் பெயரிலேயே இருக்கலாம். பூங்கா நிலங்கள் கைநழுவுவதற்கு இந்த ஓட்டையே பெரும்பாலும் காரணமாகிறது. அந்தப் பெயரைக் காட்டி ஒரு துண்டு நிலத்தை விற்றுவிட்டு, "எங்கள் இடம்" என்பார்கள். பூங்காவின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள், பட்டாவையும் பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால், மாற்றச் சொல்லி ஆணையருக்கும் வட்டாட்சியருக்கும் உடனே எழுதுங்கள். எல்லை குறித்துச் சண்டை என்றால் நில அளவையர் வந்து கல் நடட்டும். அதற்கு முன் வேலி எங்கே இருந்தது என்று வாதாடுவது வீண்.

"எல்லோருக்கும் பொது" என்பதில் பாதி உண்மை. புதிதாகக் குடிவந்தவர்களின் குழந்தைகளுக்கும் அந்தச் சறுக்குமரத்தில் உரிமை உண்டு. வேலி அவர்களை வெளியே நிறுத்துவதற்காக அல்ல. எல்லோரும் நுழையும் வாசலில் அவர்களும் நுழையலாம். பொது நிலத்தில் தனி வாசல் வைத்துக்கொள்ளவும் கார் நிறுத்தவும்தான் உரிமை இல்லை. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு பயனுக்குக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் சொன்னது. அதைக் கேட்டு நீதிமன்றம் செல்ல அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதையும் அதே தீர்ப்பு உறுதி செய்தது.

இனி கார்கள். இத்தனை கார்கள் ஏன் வெளியே நிற்கின்றன? திட்ட அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரைத்தளத்தைப் பாருங்கள். வாகன நிறுத்தம் என்று காட்டிய இடத்தில் அறையோ கடையோ எழும்பியிருந்தால், நோய் அங்கே இருக்கிறது. அனுமதிக்கு மாறான கட்டுமானத்தின் மீது நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56-ஆவது பிரிவின்படி திட்ட அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கலாம். பொதுவான தரைத்தள நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்பதும் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். அப்படி விற்றிருந்தால் ஏமாந்தவர்கள் அந்த வீடுகளை வாங்கியவர்கள்தான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அவர்கள் புகார் கொடுக்கலாம். அவர்களோடு சண்டை போடுவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வலுவான சாட்சிகள் அவர்களே.

தெருவில் வாசலை மறிக்கும் கார்களுக்குப் போக்குவரத்துக் காவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நிறுத்தத் தடை விதித்துப் பலகை வைக்கக் கோருங்கள். நீங்களாகக் கல்லோ சங்கிலியோ போட வேண்டாம். பூங்காவுக்குள் நிற்கும் கார்கள் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ், பொது இடத்தில் உள்ள இடையூறை அகற்றக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கார்கள் நிற்கும் படங்களைத் தேதியுடன் இணையுங்கள்.

உள்ளாட்சிக்குக் கொடுக்கும் மனுவில் வேலி கேளுங்கள், உயரமான மதில் கேட்காதீர்கள். தாழ்வான சுவரின் மேல் கம்பி வைத்தால் தெருவில் போகிறவர்கள் கண்ணில் பூங்கா படும். மறைந்த மூலையில் குழந்தைகளை விளையாட விடுவது நல்லதல்ல. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பதிலே இல்லை என்றால், அந்தச் சீட்டையும் மேலே சொன்ன நகல்களையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வேலியை மீண்டும் அமைக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது உறுப்பின் கீழ் ரிட் மனு தாக்கல் செய்ய அவை போதும்.