சாமியோடு பேச்சு இல்லை

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 49 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறேன். 14 மாதத்துக்கு முன்னால் என் மூத்த மகன், ஈப்போவில் இரவு வேலை முடிந்து மோட்டாரில் திரும்பும்போது விபத்தில் போய்விட்டான். 21 வயது. எட்டு மாதக் குழந்தையில் அவனுக்கு வலிப்பு வந்தது. அப்போது முருகனிடம் வேண்டிக்கொண்டு, அதிலிருந்து 20 தைப்பூசம் பால்குடம் எடுத்திருக்கிறேன். கொரோனா வருடத்தில்கூட வீட்டு வாசலில் சொம்பில் பால் வைத்துக் கும்பிட்டேன். அவன் போன நாளிலிருந்து வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. நாத்தனார் ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போனார். வீட்டில் செய்வினை இருக்கிறதாம், கழிக்க 2,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகுமாம். பக்கத்து வீட்டுத் தோழி ஜெபக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறாள். வீட்டுக்காரர் ஒன்றும் பேசுவதில்லை, சாயங்காலம் ஆனால் மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறார். மகள் இந்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை எழுதுகிறாள். எனக்கு ராத்திரி மூன்று மணி நேரம் தூக்கம் வந்தால் அதிகம். கோயில் பக்கமே போகாமல் இருப்பது பாவமா? மறுபடியும் எனக்கு நம்பிக்கை வருமா?
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு,

சொம்பில் பால் வைத்ததாக எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அப்புறம்தான் மீதியைப் படிக்க முடிந்தது.

முதலில் அவசரமான விஷயம். அந்த 2,800 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் நமக்கும் மந்திரிப்பவர்கள் இருந்தார்கள். பிள்ளை பயந்துவிட்டது என்றால் பூசாரி வேப்பிலையால் தடவித் திருநீறு போடுவார். வெற்றிலை பாக்கோடு கையில் இருந்ததை வைத்துவிட்டு வருவோம், அதோடு சரி. துக்க வீட்டுக்காரரைப் பார்த்ததும் தொகை சொல்கிறவரை நான் சாமியாடி என்று ஒத்துக்கொள்வதில்லை. ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு விடியக் காலையில் மோட்டாரில் வந்த பிள்ளைக்கு நடந்ததற்குச் செய்வினையைத் தேட வேண்டியதில்லை. நாத்தனாரோடு சண்டை மட்டும் வேண்டாம். அவரும் மருமகனைப் பறிகொடுத்த அத்தை. எதையாவது செய்துவிட்டால் இந்த வலி அடங்கும் என்று அவருக்கும் இருக்கும். "மகளோட படிப்புக்கு வெச்சிருக்கேன், அதைத் தொட முடியாது" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யாகவும் இருக்காது.

இனி உங்கள் கேள்வி. பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா கதையைச் சொல்கிறேன், அதில் பதில் இருக்கிறதா பாருங்கள்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பேராக்கிலேயே இன்னொரு மூலையில் எங்கள் தோட்டம். எனக்கு 11 வயது இருக்கும்போது என் தம்பி ஆற்றில் போய்விட்டான். அவனுக்கு ஏழு வயது. வெளிக்காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் போய்க் கூட்டிவந்தார். வாளியையும் உளியையும் அப்படியே போட்டுவிட்டு வந்தவர், கையில் ஒட்டியிருந்த ரப்பர் பாலோடுதான் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். காரியம் எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம், சாமி மேடையில் இருந்த முருகன் படத்தை எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை வேலைக்கு வீட்டு முறை உண்டு. உங்கள் தோட்டத்திலும் இருந்திருக்கும். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட வேண்டும், பூ தொடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "நான் பாத்துக்கிறேன், நீ படு" என்றார். அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "சாமியோட பேச்சு இல்லை. ஆனா முறை முறைதான்" என்றார்.

அப்படியேதான் நடந்துகொண்டார். கோயிலைப் பெருக்குவார், ஆத்தாள் பக்கம் திரும்பமாட்டார். கும்பிடமாட்டார். திருநீறு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பூசாரித் தாத்தாவும் நல்ல மனுஷன், இரண்டாவது தடவை நீட்டவே இல்லை. பெருக்கி முடித்ததும் படியில் காலை நீட்டி உட்கார்ந்து மற்றப் பெண்களோடு பூ தொடுப்பார். முதல் இரண்டு மூன்று முறையில் வாயே திறக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது யாரோ தோட்டத்து ஆபீஸ் கிராணியைப் பற்றி ஏதோ சொல்ல, அம்மா ஒரு வார்த்தை திட்டினார். அந்தத் திட்டுக்கு எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் ராத்திரி வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தார். தம்பிக்குப் பிடிக்கும் என்பதால் அதுவரை வைக்காமல் இருந்த குழம்பு. குழம்பு வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நாங்கள் சாப்பிட்டோம்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் முருகன் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பரபரப்பாகக் கேட்டேன். "பல்லி பின்னாடி முட்டை வெச்சிருந்துச்சு. தொடைக்கறதுக்குத் திருப்பினேன். அப்படியே விட்டுட்டேன்" என்றார். வேறு ஒரு விளக்கமும் அவர் சாகும்வரை தரவில்லை.

எட்டு மாதம் சாமியைச் சுவரோடு நிறுத்தி வைத்தவரைத் தோட்டத்தில் ஒருவரும் பாவி என்று சொல்லவில்லை. உங்களை மட்டும் யார் சொல்ல முடியும்? கண் பார்வை போனபோது சிவனை நேருக்கு நேர் ஏசியே பாடியவர் சுந்தரர். அவரை நாயன்மாராக வைத்துத்தான் கும்பிடுகிறோம். கோபித்துக்கொள்ள எதிரே ஒருவர் இருக்கிறார் என்று நினைப்பதால்தானே கோபமே வருகிறது. நீங்கள் விளக்கு ஏற்றாமல் இருப்பதை நான் நம்பிக்கை போய்விட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்ததும், அக்கா திருநீறு கொடுத்ததும், திருவதிகையில் பாடி நோய் நீங்கியதும் திருமுறை வகுப்புக்குப் போகிற பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். எல்லாரும் தம்பியின் அற்புதத்தையே சொல்கிறார்கள். எனக்கு அந்த அக்காவைத்தான் பிடிக்கும். திலகவதியாருக்கு அப்பா போனார், அம்மா போனார், மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் போனார். உயிரை விடத் துணிந்தவரைத் தம்பிதான் காலில் விழுந்து தடுத்தார். தம்பிக்காக இருந்தார். அப்புறம் அந்தத் தம்பியும் வேறு சமயம் என்று போய்விட்டார். அவ்வளவையும் இழந்தவர் செய்தது என்ன? விடியலில் எழுந்து திருவதிகைக் கோயிலைப் பெருக்கினார், மெழுகினார், பூப் பறித்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுத் தருவதாகச் சிவன் அவர் கனவில் வந்து சொன்னதாகக் கதை. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது கொடுக்கத் திருநீறு அவர் கையில் இருந்தது.

பால்குடத்துக்கு வருவோம். நீங்கள் எழுதாவிட்டாலும் வரிக்கு வரி அதுதான் கேட்கிறது: 20 வருடம் எடுத்தேனே, ஏன் காப்பாற்றவில்லை? இதற்கு என்னிடம் பதில் இல்லை தங்கை. விதி என்று சொல்லமாட்டேன், போன ஜென்மக் கணக்கு என்றும் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வலிப்பு வந்த குழந்தை 21 வயது வாலிபனாக வளர்ந்தான். ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் கூட்டத்தில் தலையில் குடத்தோடு நீங்கள் நின்ற ஒவ்வொரு தைப்பூசத்திலும் அவன் உயிரோடு பக்கத்தில் நின்றான். முதலில் இடுப்பில், அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு. அந்த 20 நாளும் பொய்யாகிவிடவில்லை. அடுத்த தைப்பூசத்துக்குக் குடம் எடுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. வேண்டுதல் அவனுக்காக, அதை நீங்கள் முடித்துவிட்டீர்கள்.

தூக்கத்தைப் பற்றி எழுதியதை விட்டுவிடக் கூடாது. 14 மாதமாக மூன்று மணி நேரத் தூக்கம் என்றால் அது உடம்பையும் பிடித்துவிட்டது. அரசு கிளினிக்குக்குப் போங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளிதான். டாக்டரிடம் "தலைவலி" என்று சொல்லி பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், நம் பெண்கள் இதைத்தான் செய்கிறோம். மகன் போனதையும் தூக்கம் வராததையும் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள், ஆலோசகரிடம் அனுப்பினால் போங்கள். ராத்திரியில் யாரிடமும் பேச முடியாமல் மனம் கெட்ட யோசனைக்குப் போகிற மாதிரி இருந்தால் பக்கத்தில் இருப்பவரை உடனே எழுப்புங்கள். மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது, போனில் இப்போதே பதிந்து வையுங்கள். மாத்திரை சாப்பிட்டால் சாமியை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால், பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமியைப் பற்றிச் சொல்லுங்கள். 1913-ல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம் பாட்டன் பூட்டன்மாருக்கு மருந்து கொடுத்தவர். பத்து வருடம் இங்கே இருந்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சந்நியாசம் வாங்கினார். ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் அவர்தான். அவருக்கு மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுத் தோழி கூப்பிடுகிற ஜெபக் கூட்டத்துக்குப் போகலாமா என்றால், அவளோடு உட்கார மனம் சொன்னால் போங்கள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவில் ஜூலை மாதம் எத்தனை இந்துக் குடும்பம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மதம் மாறுவது போன்ற பெரிய முடிவை இந்த நிலையில் எடுக்காதீர்கள். வீடு விற்பது, வேலையை விடுவது எல்லாமே அப்படித்தான். தோழி நல்லவள் என்றால் காத்திருப்பாள்.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் வரிசை வீடுகளான லயமே சோறு பொங்கிக் கொண்டுவரும், பதினாறு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிய விடமாட்டார்கள். தாமானில் எல்லா வீட்டுக்கும் இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு. ஆனால் சுமையைச் சேர்ந்து தூக்குவது உங்கள் ஊருக்குப் புதிதா? உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு பணத்தைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டினாரே. அதனால் கேட்கிறேன், உங்கள் பழைய தோட்டத்துக் கோயில் இன்னும் இருக்கிறதா? செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இப்படிப் பல கோயில்களைப் பழைய ஆட்கள் டவுனிலிருந்து போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள். இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை பெருக்கக் கேளுங்கள். கும்பிட வேண்டாம். பெருக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து பூ தொடுத்துவிட்டு வாருங்கள். மாரியம்மன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டாள், எங்கள் அம்மாவையே பொறுத்துக்கொண்டவள்.

உங்கள் வீட்டுக்காரர். சாயங்காலம் எங்கே போகிறார் என்று கேட்டீர்களா? துப்பறியச் சொல்லவில்லை. "நானும் வரட்டுமா" என்று பின் சீட்டில் ஏறி உட்காருங்கள். விபத்து நடந்த இடத்துக்குப் போய் நிற்கிறாரோ, பழைய லயத்துப் பக்கம் போய் உட்காருகிறாரோ, வெறும் டீக்கடையோ தெரியாது. ஆனால் அவருக்கும் போனது மகன்தான். வழியில் பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக மகள். எஸ்பிஎம் எழுதுகிற பிள்ளை 14 மாதமாக இருட்டான சாமி மேடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணனைப் பற்றி அவளிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்? இந்த வியாழக்கிழமை ராத்திரி விளக்கை எடுத்து இரண்டு பேரும் புளி போட்டுத் தேயுங்கள். 14 மாதத்துக் களிம்பு லேசில் போகாது, முக்கால் மணி நேரமாவது ஆகும், அதற்குள் அவளே ஏதாவது சொல்வாள். துடைத்து மேடையில் வையுங்கள். ஏற்றுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மகளின் பரீட்சை எப்படிப் போனது என்றும்.

உங்கள் அக்கா